விற்பதற்கு முன் பிள்ளைக்கு ஒரு பங்கு: பால், முட்டை, இறைச்சியால் நுண்போசணைக் குறைபாட்டைத் தணிப்பது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில், பொழுது விடிந்து சற்று நேரத்திலேயே பால் வீட்டைவிட்டுப் போய்விடும். மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர் கடப்படியில் நின்றே அளந்து எடுத்துக்கொள்வார். முட்டை சேர்ந்ததும் கடைக்குப் போகும். கிடாய் வளர்ந்தால் வியாபாரி பிடித்துக்கொண்டு போவார். அதே வீட்டின் ஒன்றரை வயதுப் பிள்ளையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடக்கும். குடும்பநல உத்தியோகத்தராக (ஊரார் “மிசி” என்பார்கள்) வெல்லாவெளிப் பக்கத்திலும் பின்னர் அம்பாறைக் கரையோரத்திலும் வேலை செய்த காலமெல்லாம் இதைக் கண்டேன். மாடு கன்று இல்லாத வீட்டில் இரத்தச்சோகை இருந்தால் வறுமை என்று சொல்லிவிடலாம். மாடும் கோழியும் நிற்கிற வளவுக்குள் பிள்ளை வெளிறிப்போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே இதை ஒரு மாடோ, நான்கு கோழியோ, இரண்டு ஆடோ வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றும் வளர்க்காமல் கிழமைக்கு ஒருமுறை இறைச்சி வாங்குகிற வீடுகளுக்கும் இதில் பாதி பொருந்தும். நிறையச் சாப்பிடச் சொல்லவில்லை. விற்பதற்கு முன் ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள், அது யாருக்கு மிகத் தேவையோ அவருடைய வாய்க்குள் போகிறதா என்று நின்று பாருங்கள். மற்றவை எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வயிறு நிறைந்தும் குறைவது எது

எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லை. சோறும் பருப்பும், புட்டும் சம்பலும், மாலையில் பிஸ்கட்டும் பிளேன்டீயும் என்று வயிறு நிறைகிறது. குறைவது இரும்பு, நாகம் (துத்தநாகம்), விற்றமின் ஏ, விற்றமின் பி12 போன்றவை. இவை மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில்தான் தேவை. ஆனால் அந்தச் சிறு அளவு கிடைக்காவிட்டால் பிள்ளை அடிக்கடி காய்ச்சலில் விழும், உயரம் தங்கிவிடும், வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கும். தாய் இதை “சோம்பல்” என்பாள். ஆசிரியர் “கவனமில்லை” என்பார்.

கீரையிலும் பருப்பிலும் இரும்பு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் தாவர இரும்பை உடல் தயங்கித் தயங்கித்தான் எடுக்கும். இறைச்சியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி இரத்தத்தின் இரும்பைப் போலவே ஹீம் என்ற வடிவில் இருப்பதால் குடல் அதை எளிதாக உள்ளே விடுகிறது. இன்னுமொரு நன்மையும் உண்டு. சோற்றோடும் கீரையோடும் ஒரு துண்டு இறைச்சி சேர்ந்தால், அந்தக் கீரையில் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். விற்றமின் ஏயும் அப்படித்தான். கரட்டிலும் பூசணியிலும் இருப்பது அதன் மூலப்பொருள், 12 மைக்ரோகிராம் தின்றால் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் விற்றமினாக மாறும். ஈரலிலும் முட்டை மஞ்சளிலும் பால் கொழுப்பிலும் அது மாற்றம் தேவைப்படாத வடிவில் தயாராக இருக்கிறது. பி12 விற்றமினோ, இயற்கை உணவுகளில், விலங்கு உணவில் மட்டுமே நம்பத்தக்க அளவில் கிடைக்கும். முருங்கை இலையை எவ்வளவு வறுத்தாலும் அது வராது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் கென்யாவின் எம்பு மாவட்டத்தில் 12 பாடசாலைகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. சோளனும் அவரை விதையும் சேர்த்து அவிக்கும் அந்த ஊர் உணவையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சில பாடசாலைகளில் அதோடு அரைத்த இறைச்சி, சிலவற்றில் பால், சிலவற்றில் எண்ணெய் மட்டும். எண்ணெய் சேர்த்த உணவிலும் சக்தி குறையவில்லை. ஆனால் பி12 குறைபாடு தணிந்தது பாலும் இறைச்சியும் பெற்ற பிள்ளைகளுக்குத்தான். இறைச்சி பெற்றவர்கள் சிந்தித்து விடை காணும் சோதனைகளில் முன்னேறினார்கள், விளையாட்டு மைதானத்திலும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். உயரம் குறைந்திருந்த சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக்குப் பால் உதவியது. வயிற்றை நிரப்புவது வேறு, போசணை கொடுப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உலக சுகாதார நிறுவனமும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றில் ஏதாவது தினமும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. தினமும். எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் ஒரு வயதுவரை மசித்த சோறும் பருப்புத் தண்ணீரும்தான்.

முதலில் யாருக்கு

கோழிக்கறி வைத்தால் கால் துண்டு வீட்டுத் தலைவருக்கு. அடுத்து ஆண்பிள்ளைகளுக்கு. தாய் கடைசியில் சட்டியை வழித்துச் சோறு போட்டுப் பிசைவாள். இந்த வரிசையை மாற்றுங்கள்.

முதலிடம் ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஏறத்தாழ அந்த வயதில் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுங்கள். அதோடு விலங்கு உணவும் சேர வேண்டும். அடுத்தது கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும். மூன்றாவதாக, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு. சாமத்தியப்பட்ட நாட்களில் நல்லெண்ணெயும் ஊர்க்கோழி முட்டையும் உளுத்தங்களியும் என்று அவளை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்! சடங்கு முடிந்து தண்ணீர் வார்த்த பின் அது நின்றுவிடுகிறது. மாதாமாதம் இரத்தம் போவதோ நிற்பதில்லை. அந்த முட்டையை நன்றாக அவித்து, சடங்குக்குப் பிறகும் கிழமைக்குச் சில நாள் தொடர்ந்து கொடுங்கள்.

பிரஷரும் சீனியும் உள்ள ஐம்பது வயது ஆணுக்கு இன்னும் இறைச்சி தேவையில்லை. அவர் தன் துண்டைப் பேரப்பிள்ளைக்கு விட்டுக் கொடுக்கலாம்.

முட்டை

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் நல்ல புரதம், விற்றமின் ஏ, பி12, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் எல்லாம் உண்டு. ஆனால் முட்டையால் இரத்தம் ஊறும் என்று நம்பியிருக்க வேண்டாம். மஞ்சளில் உள்ள இரும்பை அங்குள்ள ஒரு புரதமே இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, உடலுக்கு அதில் சிறு பகுதிதான் கிடைக்கும். இரும்புக்கு இறைச்சி, ஈரல், மீன். முட்டை மற்றவற்றுக்கு.

2015இல் ஈக்குவடோரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றியிருப்பது 47 வீதம் குறைந்தது. பின்னர் மலாவியில், ஏரிக்கரைப் பகுதியான மங்கோச்சியில் அதே போலச் செய்தபோது வளர்ச்சியில் அப்படி ஒரு வேறுபாடு காணப்படவில்லை. அங்குள்ள பிள்ளைகள் முன்பே ஏரி மீன் உண்டு வந்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். எங்கள் மாவட்டத்துக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. வாவியோரத்திலும் கடலோரத்திலும் நெத்தலியும் சிறுமீனும் நாளாந்தம் பிள்ளையின் கோப்பைக்கு வருகிற வீட்டில், முட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரிய குறை இல்லை. வயல்வெளிக்கு அப்பால், மீன்காரர் கிழமைக்கு இரண்டு முறை மட்டும் வருகிற ஊர்களில், அந்த முட்டை விலைமதிப்பற்றது. அங்கேதான் அது கடைக்குப் போகவே கூடாது.

ஆறு மாதப் பிள்ளைக்குக் கொடுக்கும் விதம் இது. தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடமாவது முட்டையை அவியுங்கள். வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து முள்ளுக்கரண்டியால் நன்றாக மசித்து, தாய்ப்பால் அல்லது குழைந்த சோற்றுடன் சேர்த்து, கரண்டியில் இருந்து வழிந்து ஓடாத பதத்துக்கு வையுங்கள். தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், சத்து உள்ளே போகாது. முதல் நாள் ஒரு தேக்கரண்டி போதும். உடலில் தடிப்போ வாந்தியோ இல்லாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் கூட்டுங்கள். “ஒரு வயதுவரை வெள்ளைக்கரு கொடுக்கக் கூடாது” என்று எங்கள் பெத்தாமார் சொன்னது அன்புடன்தான். ஆனால் அப்படித் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதில்லை. பச்சை முட்டையும் அரைவேக்காடும் வேண்டாம், வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம். பத்து மாதம் தாண்டிய பிள்ளைக்கு, புட்டை உதிர்த்து முட்டையைக் கிளறிப் பிசைந்து கொடுத்தால் விரும்பித் தின்னும்.

கோழிக் கணக்கையும் பாருங்கள். ஊர்க்கோழி ஒரு சுற்றில் பத்து, பன்னிரண்டு இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது தேறினால் நல்ல கோழி. நான்கு கோழி இருந்தால், முறை வைத்து இடும்போது, கிழமைக்கு ஏறத்தாழ நான்கு முட்டை. அதைப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் என்று ஒதுக்குங்கள். எல்லா முட்டையையும் அடை வைக்க வேண்டாம். ஒரு கோழி அடை இருக்கட்டும், மற்றவற்றை அடை கலைத்துவிட்டால் விரைவில் மறுபடி இடத் தொடங்கும். தவிடு, குறுணல், தேங்காய்ப் புண்ணாக்கு, கறையான் எதுவும் வீணாகாது. பச்சை இலை தின்றால் மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்கும். கோழிக்கழிச்சல் வந்து ஒரே கிழமையில் கூடு காலியாவதுதான் பெரிய இழப்பு. ஊரில் கழிச்சல் தொடங்கிய பின் ஓடுவதைவிட, முன்கூட்டியே கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் தடுப்பூசி பற்றிக் கேட்டு வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோழி வீட்டுக்குள் படுக்கக் கூடாது. கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து குசினிக்குள் கூடை கவிழ்த்து வைக்கிறோம். தவழும் பிள்ளை அந்தத் தரையில் கையை வைத்து, அந்தக் கையையே வாயில் வைக்கும். கோழி எச்சத்தில் உள்ள கிருமிகள் குடலைப் புண்ணாக்கினால், நீங்கள் ஊட்டுகிற சத்து உள்ளே போகாமல் வயிற்றோட்டமாகப் போய்விடும். எத்தியோப்பியக் கிராமங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கோழி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தாலும், இரவில் கோழியை வீட்டுக்குள் அடைக்கும் வீடுகளில் அந்த நன்மை குறைந்திருந்தது. வெளியே, நிலத்துக்கு மேல் கம்பு நாட்டி, பலகைத் தளம் போட்டு ஒரு கூடு. பிள்ளை தவழ ஒரு பாய், அதற்கு ஒரு வேலி. சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல். இந்த மூன்றும் முட்டை அளவுக்கு முக்கியம்.

பாலும் தயிரும்

பால் கல்சியத்துக்கும் பி12க்கும் விற்றமின் பி2க்கும் நல்லது. நூறு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஒரு கப் பாலில், இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவையான பி12 கிட்டத்தட்ட முழுவதும் உண்டு, காய்ச்சும்போது கொஞ்சம் குறையும். இரும்பு மட்டும் பாலில் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதில் பசுப்பால் கொடுக்க வேண்டாம் என்கிறோம். ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு ஒன்று, இரண்டு கப்புக்கு மேல் வேண்டாம். பிள்ளை அரை லீற்றருக்கு மேல் பால் குடித்துவிட்டால் சோற்றுக்கு வாய் திறக்காது, பால் குடித்தே இரத்தம் குறைந்த கொழுகொழு பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டுப்பால் சளிக்கு நல்லது என்று கைக்குழந்தைக்கு அதையே உணவாக்குகிறவர்கள் உண்டு. ஆட்டுப்பாலில் போலிக் அமிலம் என்ற விற்றமின் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பினால் வேறொரு வகை இரத்தச்சோகை வரும். வளர்ந்த பிள்ளை மற்ற உணவோடு ஒரு கப் குடிப்பதில் தவறில்லை.

பங்கு எடுக்கும் நேரம் கறவை முடிந்த கணம். கேனில் ஊற்றிய பின் திரும்ப எடுக்க மனம் வராது. கறந்த செம்பிலிருந்து ஒரு கப் அளந்து, அடுப்படியில் வைத்த பிறகே கேனைத் திறவுங்கள். இதைச் சொன்னபோது பட்டி வைத்திருக்கும் ஒரு மாமா என்னிடம், “மிசி, ஒரு கப் என்பது உங்களுக்குச் சின்னது, மாதக் கணக்கில் பார்த்தால் எனக்குப் பெரிது” என்றார். சரிதான். நாட்டு மாடு நாளுக்கு ஒன்று, இரண்டு லீற்றர்தான் கறக்கும். “அந்த மாதக் கணக்குக்கு நீங்கள் வாங்குகிற பால்மா எவ்வளவு, மாமா?” என்று கேட்டேன். அவருடைய மகள்தான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். விற்ற பாலின் காசில் பெரும்பகுதி பால்மாவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காகக் கடை வாசலில் நின்றவர்களில் மாட்டுக்காரர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதில் எங்கள் நிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயல்களை அடைத்துவிடுவார்கள். பட்டி மாடுகள் மயிலத்தமடு, மாதவனை போன்ற தொலைவான மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும். அந்த மேய்ச்சல் தரைக்காகவே பண்ணையாளர்கள் 2023இல் போராட்டம் தொடங்கினார்கள். அறுவடை முடிந்து மாடுகள் திரும்பும்வரை, பட்டிச் சொந்தக்காரர் வீட்டிலேயே பிள்ளைக்குப் பால் இருக்காது. மழைக்காலம், மீனும் குறைகிற காலம், காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடுகிற காலம். அந்த மாதங்களில்தான் நிறை அட்டையில் கோடு சரியும். ஆகவே மாடுகளை அனுப்பும்போது, கன்று ஈன்ற ஒரு சாதுவான பசுவை வளவில் நிறுத்தி வையுங்கள். வைக்கோலை அறுவடையிலேயே பட்டறை போட்டு, வரப்புப் புல்லும் தவிடும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு மாட்டைத் தாங்கலாம். அது முடியாவிட்டால், மழைக்காலத்துக்குக் கோழியை நம்புங்கள். அதற்கு ஏற்றபடி ஆவணி, புரட்டாசியிலேயே பேடுகள் முட்டைக்கு வரும்படி குஞ்சு பொரிக்க வையுங்கள்.

பாலைக் கட்டாயம் காய்ச்சுங்கள். கறந்த சூட்டோடு குடிப்பது பலம் என்பார்கள். காசநோய்க் கிருமியும், மாட்டுக்குக் கன்று வீசச் செய்யும் புருசெல்லாக் கிருமியும் பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரும். பொங்கி வந்த பின்னும் கிளறியபடி சில நிமிடம் கொதிக்க விடுங்கள். தயிருக்கும் இதே விதி. எருமைப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றிச் சட்டியில் வைத்து மூடினால் மறுநாள் காலையில் கட்டித் தயிர். எங்கள் எருமைத் தயிர் நாடெங்கும் போய் விற்கிறது. சீனி, தேன் இல்லாமல் இரண்டு கரண்டி பிள்ளையின் சோற்றில் விழட்டும். பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

டின்பால் பால் அல்ல, கிட்டத்தட்டப் பாதி சேர்த்த சீனி. தேநீரில் கலந்த இரண்டு கரண்டிப் பாலையும் பால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இறைச்சியும் ஈரலும்

அம்பாறைக் கரையோரத்தில், நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில் மாட்டிறைச்சி பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஆனாலும் அங்கும் பிள்ளைகள் வெளிறியிருந்தார்கள். காரணம் ஒரு பகல் சாப்பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது விளங்கியது. உம்மா சட்டியிலிருந்து ஆணத்தை (குழம்பை) மட்டும் அள்ளிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். இறைச்சித் துண்டு “பல் முளைத்த பிறகு”. ஆணத்தில் வாசம் இருக்கிறது, உப்பும் மிளகாயும் இருக்கிறது, இரும்பு துண்டில்தான் தங்கிவிட்டது. அந்த உம்மாவிடம் ஒரு துண்டைக் கேட்டு, மிளகாயைக் கழுவி, அம்மியில் இரண்டு இழுப்பு இழுத்து, நாரை எடுத்துவிட்டுச் சோற்றில் சேர்த்துக் கொடுத்தோம். பல் தேவைப்படவில்லை.

மாட்டிறைச்சி நூறு கிராமில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பும், நான்கு மில்லிகிராமுக்குக் குறையாமல் நாகமும் கிடைக்கும். கோழி நெஞ்சுத் துண்டில் இரண்டும் மிகக் குறைவு, தொடையும் காலும் அதைவிட மேல். மாடு உண்ணாத இந்து வீடுகளில் ஆட்டிறைச்சி விலை எட்டாது. அவர்களுக்கு நான் சொல்வது கோழி ஈரல். நூறு கிராமில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் இரும்பு, அதோடு விற்றமின் ஏ, பி12, போலிக் அமிலம் எல்லாம் அடர்த்தியாக. விலையோ இறைச்சியைவிடக் குறைவு. ஈரலின் வலிமை புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. உயிரைக் குடித்துக்கொண்டிருந்த ஒரு வகை இரத்தச்சோகையை ஈரல் உணவால் குணப்படுத்தலாம் என்று காட்டியதற்காக விப்பிள், மைனட், மர்பி மூவருக்கும் 1934இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதிலிருந்த பொருள் பி12 என்று 1948இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

சமைக்கும் விதம்: ஈரலில் பச்சை படிந்த இடம் இருந்தால் அது பித்தம் பட்டது, வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் முழுதும் கசக்கும். கழுவி, சிறு துண்டாக்கி, மஞ்சளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, கொஞ்சத் தண்ணீரில் மூடி வேகவையுங்கள். ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. இறக்கி, கரண்டியின் பின்புறத்தால் வடியில் அழுத்தித் தேய்த்தால் நெய்யாக இறங்கும். அதில் ஒரு மேசைக்கரண்டியைக் குழைந்த சோற்றுடனும் மசித்த பூசணியுடனும் சேர்த்து, இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு ஊட்டுங்கள். பிள்ளைக்குக் கிழமைக்கு ஒருமுறை போதும், தினமும் வேண்டாம். விற்றமின் ஏ உடலில் தங்கும், மிகுந்தால் நஞ்சு. கர்ப்பிணிகள் ஈரலை விட்டுவிடுங்கள், ஏ விற்றமின் அளவு மீறினால் கருவுக்குத் தீங்கு. அவர்களுக்குச் சதை இறைச்சி, மீன், முட்டை. பிள்ளை பெற்ற பிறகு சரக்குக் கறியில் கோழி போடுவது எங்கள் நல்ல வழக்கம். பத்தியம் என்று கீரையையும் மீனையும் நாற்பது நாள் விலக்குவது மட்டும் வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சி ஒரே கிழமையில் தீர்ந்துவிடுகிறது. கொழுப்பு இல்லாத பகுதியில் கொஞ்சத்தைப் பிள்ளை அளவுக்கு, சின்னச் சின்னப் பொதியாகக் கட்டிக் குளிரூட்டிப் பெட்டியில் உறைய வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் மெல்லிய நாராக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, வலைத்துணி மூடி நல்ல வெயிலில் உலர்த்தலாம். சொசேஜஸும் கடையில் விற்கும் உறைந்த கோழி உருண்டையும் இந்தக் கணக்கில் வராது. உப்பும் மாவும் அதிகம்.

கூட்டும் நேரமும்

சோறு தின்று கை கழுவியதும் பிளேன்டீ குடிப்பது எங்கள் பழக்கம். அந்தத் தேயிலை, தாவர இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பிள்ளைக்குத் தேநீரே வேண்டாம். இறைச்சிச் சாப்பாட்டோடு பாலும் வேண்டாம், கல்சியம் இரும்புக்கு இடையூறு. பால் காலையில் அல்லது பின்னேரம். இரும்பு உணவோடு சேர வேண்டியது கொய்யா, தேசிக்காய், நெல்லிக்காய், தோடம்பழம்.

செவ்வாய், வெள்ளி, கோயில் சடங்கு, கந்தசஷ்டி என்று மரக்கறி நாட்கள் வரும். பெரியவர்கள் விரதம் இருக்கட்டும். அந்த நாட்களில் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் தயிரும் பாலும் அளவு மீறாமல் சற்றுக் கூடுதலாக வரட்டும், பயறும் கௌபியும் தேசிக்காயோடு சேரட்டும். நான் பழகிய பூசாரி ஒருவர், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விரதக் கட்டுப்பாடு இல்லை என்று தானே அடியார்களிடம் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஒரு சொல் என்னுடைய பல வகுப்புகளுக்குச் சமமாக வேலை செய்தது. உங்கள் கோயிலிலும் கேட்டுப் பாருங்கள்.

காசு இல்லாதபோது

எல்லாவற்றையும் வீட்டிலேயே தின்னச் சொல்லவில்லை. பால் விற்ற காசில்தான் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேண்டும். ஆனால் அந்தக் காசு தாயின் கையில் வந்தால் அதில் ஒரு பகுதி உணவாகத் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஆகவே முட்டைக் காசு பெண்ணுடையது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். விலையுள்ள ஊர்க்கோழி முட்டை மூன்றை விற்று, மலிவான லேயர் முட்டை நான்கை வாங்குவது நட்டமல்ல, சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கிடாயை விற்ற அன்று ஒரு போத்தல் நெத்தலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் பல நாட்களுக்குப் பிள்ளையின் சோற்றில் தூவலாம். உப்பு கூடிய கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்துப் பொடியுங்கள்.

கிளினிக்கை விட வேண்டாம்

உணவு மெல்லத்தான் வேலை செய்யும். பிள்ளையின் உள்ளங்கையும் இமையும் நன்றாக வெளிறியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மண், சாம்பல், பச்சை அரிசி என்று தின்னத் தேடினாலோ, ஈரல் சமைத்துக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை, வயிறு எரிகிறது, மலம் கறுக்கிறது என்று நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு. எரிச்சல் இருந்தால் இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கலாமா என்று மிசியிடம் கேளுங்கள். இறைச்சி தின்பதால் குளிசை வேண்டாம் என்று நினைக்காதீர்கள், கர்ப்ப காலத்தின் தேவையை எங்கள் சாப்பாடு மட்டும் நிரப்பாது. பூச்சிக் குளிசை தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு இறைச்சி கொடுத்தும் பயனில்லை. வயலுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குச் செருப்பு. பல மாதம் நன்றாக ஊட்டியும் இரத்த அளவு ஏறாத பிள்ளைக்குத் தலசீமியா (ஒரு பரம்பரை இரத்த நோய்) போன்ற வேறு காரணம் இருக்கலாம். அதற்கு இரும்பு மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு வைத்தியர் சொல்லட்டும்.

நிறை அட்டையை மாதாமாதம் பாருங்கள். கிளினிக்குக்கு வரும்போது, நேற்று ஒரு நாள் முழுவதும் பிள்ளை என்ன தின்றது என்று மிசி கேட்பார். சோறு, பருப்பு, பிஸ்கட் என்று மட்டும் பட்டியல் முடிந்தால், அன்று மாலையே ஒரு முட்டையை அவித்துத் தொடங்குங்கள்.